நோக்கத்தைத் தொடாதே, வாசகத்தைத் தாக்கு: மக்கள் வாக்கெடுப்புகளைத் தொழில் நிறுவனங்கள் தோற்கடிக்கும் விதம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2016 நவம்பரில் வாக்காளர்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. என்வி எனர்ஜி என்ற ஒரே நிறுவனம் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் விற்றுவந்தது. அந்த ஏகபோகத்தை முடித்து, யாரிடம் மின்சாரம் வாங்குவது என்பதை நுகர்வோரே முடிவு செய்யும்படி மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா? 72 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நெவாடாவில் இப்படி மக்கள் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம் அடுத்தடுத்த இரண்டு பொதுத்தேர்தல்களில் வென்றாக வேண்டும். ஆகவே அதே திருத்தம், 3 என்ற அதே எண்ணோடு, 2018 நவம்பரில் மறுபடி வாக்குச்சீட்டில் ஏறியது. இம்முறை 67 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

திருத்தத்தின் வாசகம் மாறவில்லை. வாக்காளர்களும் பெரும்பாலும் அதே மக்கள். மாறியது ஒன்று. 2016இல் என்வி எனர்ஜி ஒதுங்கி நின்றது. 2018இல் 6 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து எதிர்த்தது. ஆதரவு அணியும் ஏழைகளின் அணி அல்ல. லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி நிறுவனமான சாண்ட்ஸும், ஸ்விட்ச் என்ற தரவு மைய நிறுவனமும் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தன. இருந்தும் 72 சதவீத ஆதரவு இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே போனது. பணம் பேசத் தொடங்கியதும் மக்கள் மனம் எப்படித் திரும்புகிறது என்பதை அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான சந்தர்ப்பம் கிடைப்பது அரிது.

நம் ஊர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர்களும் நோட்டாவும் மட்டுமே இருப்பதால், இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்காவில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் குடிமக்கள் தாங்களே ஒரு சட்ட வரைவை எழுதி, போதிய கையெழுத்து திரட்டி, அதை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்திவைத்து மக்களிடம் கேட்கும் வழியும் பல மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியா 1911இல் இதை ஏற்றது. அன்று அந்த மாநில அரசியலைப் பிடித்து வைத்திருந்தது சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனம். அதன் பிடியை உடைப்பேன் என்று சொல்லி வென்ற ஆளுநர் ஹைரம் ஜான்சன் கொண்டுவந்த சீர்திருத்தங்களில் இதுவும் ஒன்று. பெருநிறுவனத்தைத் தாண்டிச் செல்ல மக்களுக்காக வெட்டிய பாதை அது.

அந்தப் பாதையில் நிறுவனங்களும் தடையில்லாமல் நடக்கலாம் என்று ஆக்கியவை இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். 1978இல், மாசசூசெட்ஸ் வரித் திருத்தம் ஒன்றை எதிர்க்க விரும்பிய பாஸ்டன் வங்கி ஒன்றின் வழக்கில், வாக்கெடுப்புப் பிரச்சாரத்தில் நிறுவனங்கள் செலவு செய்வதைத் தடுக்க முடியாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வேட்பாளருக்குப் பணம் கொடுத்தால் அவரை விலைக்கு வாங்கும் ஆபத்து உண்டு, ஒரு கேள்வியை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்பது அதன் வாதம். 1981இல், வாக்கெடுப்புக் குழுக்களுக்கான நன்கொடைக்கு பெர்க்லி நகரம் வைத்திருந்த 250 டாலர் உச்சவரம்பும் செல்லாது என்றானது. வேட்பாளருக்கு உச்சவரம்பு இருக்கலாம், வாக்கெடுப்புக்கு இருக்க முடியாது. இன்று வரை நிலைமை இதுதான்.

பணம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒரு முன்மொழிவை வெல்ல வைப்பது கடினம், தோற்கடிப்பது எளிது. ஆம் என்று வாக்களிப்பவருக்கு அதன் நோக்கமும் பிடிக்க வேண்டும், வழிமுறையும் சரியாகத் தோன்ற வேண்டும், சொல்பவர் மேல் நம்பிக்கையும் வேண்டும். வேண்டாம் என்று வாக்களிக்க ஒரு சந்தேகம் போதும். சட்டமன்றத்தில் என்றால் ஒரு மசோதாவில் ஓட்டை தெரிந்தால் குழுவில் திருத்திக்கொள்ளலாம். வாக்கெடுப்பில் கையெழுத்து திரட்டிய பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வழியில்லை. எதிர்ப்பு அணி அந்த இறுகிய வாசகத்தில் விரல் வைக்க ஓர் இடத்தைத் தேடுகிறது. "நோக்கம் நல்லதுதான், இந்தச் சட்டம் அதைச் செய்யாது" என்பதே அதன் அடிப்படை வாக்கியம். மருந்து விலை, புகையிலை, மின்சாரம், வாடகை என்று துறை எதுவானாலும் இந்த வாக்கியம் மாறுவதில்லை.

கலிபோர்னியாவின் முன்மொழிவு 61 (2016) இதற்குச் சரியான பாடம். மாநில அரசு அமைப்புகள் மருந்துக்குக் கொடுக்கும் விலை, மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை கொடுக்கும் மிகக் குறைந்த விலையைத் தாண்டக் கூடாது என்றது அது. அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 24 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. செப்டம்பரில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் 66 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். மருந்து விலை குறைய வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

எதிர்ப்பு அணியும் அப்படிச் சொல்லவில்லை. மருந்து நிறுவனங்கள் சேர்த்துக் கொடுத்த சுமார் 10.9 கோடி டாலரில் ஓடிய விளம்பரங்களில் முன்னால் நின்றவர்கள் முன்னாள் படைவீரர்கள். இந்தச் சட்டம் வந்தால் படைவீரர் துறைக்கான விலையை நிறுவனங்கள் ஏற்றிவிடும், நாட்டுக்காகப் போராடியவர்கள் அதிக விலை கொடுப்பார்கள் என்றார்கள். இந்த அச்சம் காற்றில் பிறந்ததல்ல. 1990இல் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தின் விலையைச் சந்தையின் மிகக் குறைந்த விலையோடு மத்திய அரசு இணைத்தபோது, நிறுவனங்கள் படைவீரர் துறைக்குக் கொடுத்துவந்த சலுகைகளை உண்மையிலேயே குறைத்தன. அதைச் சரிசெய்யத்தான் 1992ஆம் ஆண்டுச் சட்டமே வந்தது. விலையை ஏற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று யோசித்தால், எச்சரிக்கைக்குப் பணம் கொடுத்தவர்கள் கையில்தான். "இதைச் செய்தால் நாங்கள் இப்படிச் செய்வோம்" என்ற மிரட்டல், படைவீரரின் வாயில் "இதைச் செய்தால் இப்படி நடக்கும்" என்ற ஆருடமாக மாறியது. எழுவாய் மறைந்த அந்த வாக்கியத்தில்தான் பிரச்சாரத்தின் முழு வித்தையும் இருந்தது.

வரைவில் உண்மையான பலவீனங்களும் இருந்தன. மாநிலத்தின் எல்லா மக்களுக்கும் அது பொருந்தவில்லை. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில், மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்த காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகச் சிகிச்சை பெறும் பெரும் பகுதியினர் வெளியே விடப்பட்டிருந்தார்கள். படைவீரர் துறை பேசி வாங்கும் விலைகளில் சில வெளியிடப்படுவதில்லை என்பதால், ஒப்பிட வேண்டிய எண்ணே கைக்கு எட்டாமல் போகலாம். மாநிலத்தின் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் நிதி விளைவைக் கணிக்க முடியாது என்று வாக்காளர் கையேட்டில் எழுதியது. "கணிக்க முடியாது" என்று ஒரு நடுநிலை அலுவலகம் எழுதும் ஒரு வரி எதிர்ப்பு அணிக்குக் கோடிக்கணக்கில் பெறும். நவம்பரில் முன்மொழிவு 53.2 சதவீத எதிர்ப்பில் விழுந்தது. ஆதரவு அணி சுமார் 1.9 கோடி டாலர் செலவிட்டிருந்தது; ஏறத்தாழ முழுச் செலவையும் ஏற்றது எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் என்ற எய்ட்ஸ் சிகிச்சை அமைப்பு. அடுத்த ஆண்டு ஓஹையோவில் அதே யோசனை வந்தபோது 79 சதவீதம் பேர் எதிர்த்தார்கள்.

முன்மொழிவு 61ஐத் தாக்கப் படைவீரர் என்றால், முன்மொழிவு 37ஐத் (2012) தாக்க நாய் உணவு. மரபணு மாற்றிய உணவில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற அந்தச் சட்டத்தில் சில விலக்குகள் இருந்தன. இறைச்சி சேர்ந்த நாய் உணவுக்கு லேபிள் வேண்டும், மனிதன் தின்னும் இறைச்சிக்கு வேண்டாமா என்று விளம்பரங்கள் கேட்டன. ஒவ்வொரு விலக்குக்கும் சட்ட ரீதியான காரணம் உண்டு. அந்தக் காரணத்தை 30 விநாடியில் சொல்ல முடியாது, கேள்வியை 5 விநாடியில் கேட்டுவிடலாம். ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு ஆண்டுக்கு 400 டாலர் வரை கூடும் என்ற எண்ணும் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியது. அந்த எண்ணைத் தந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எதிர்ப்பு அணியே. மரபணு மாற்றிய விதை விற்கும் மான்சாண்டோ நிறுவனம் மட்டும் 81 லட்சம் டாலர் தந்த அந்த அணியின் மொத்தச் செலவு சுமார் 4.6 கோடி. 51.4 சதவீத எதிர்ப்பில் அது தோற்றது.

ஓட்டையை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டில் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2012 ஜூனில், சிகரெட் பாக்கெட்டுக்கு 1 டாலர் கூடுதல் வரி போட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் முன்மொழிவு 29 வந்தது. மார்ச்சில் ஆதரவு 67 சதவீதம். புகையிலை நிறுவனங்கள் 4.7 கோடி டாலர் செலவிட்டன. வெள்ளைக் கோட்டு அணிந்த மருத்துவர் ஒருவர் திரையில் வந்து, இந்தப் பணம் வெளி மாநிலத்துக்கும் போகலாம், சிகிச்சைக்கு ஒரு காசும் இல்லை என்றார். புகைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 50 லட்சம் வாக்குகளில் சுமார் 24 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோல்வி. நான்கு ஆண்டு கழித்து வந்த முன்மொழிவு 56, கூடுதல் வரியை 2 டாலராக்கியது. ஆனால் பணத்தின் பெரும்பகுதி மாநில ஏழைகளின் மருத்துவத் திட்டத்துக்கே போகும் என்று எழுதப்பட்டது. அதனால் மருத்துவர் சங்கமும் மருத்துவமனைகளும் தொழிற்சங்கமும் பணத்தோடு ஆதரவு அணிக்குள் வந்தன. வெள்ளைக் கோட்டு இப்போது மறுபக்கம். புகையிலை நிறுவனங்கள் 7 கோடி டாலருக்கு மேல் கொட்டியும் 64 சதவீத ஆதரவில் வென்றது. கூடுதல் வரி இரட்டிப்பாகியும் ஆதரவு கூடியது என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

வாக்குச்சீட்டை எட்டுவதற்கு முன்

தொலைக்காட்சி விளம்பரம் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே பல முன்மொழிவுகள் முடங்கிவிடுகின்றன.

முதல் மோதல் தலைப்பில். கலிபோர்னியாவில் முன்மொழிவின் தலைப்பையும் சுருக்கத்தையும் எழுதுபவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர்; 100 சொல்லுக்குள் எழுத வேண்டும். வாக்குச்சீட்டில் அச்சாகும் குறிப்பு அதையும்விடச் சிறியது, 75 சொல். பெரும்பாலான வாக்காளர்கள் படிப்பது அது மட்டுமே. அரிசோனாவில் 2018இல் வந்த முன்மொழிவு 127, மின் நிறுவனங்கள் 2030க்குள் பாதி மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இருந்து பெற வேண்டும் என்றது. வாக்குச்சீட்டு விளக்கத்தில் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் "நுகர்வோருக்கு ஆகும் செலவு எதுவாயினும்" என்ற பொருள் தரும் சொற்களைச் சேர்த்தது. வரைவில் அந்தச் சொற்கள் இல்லை. அது வாக்குச்சீட்டிலேயே அச்சான எதிர்ப்பு வாசகமாக வேலை செய்தது. மாநிலத்தின் பெரிய மின் நிறுவனத்தின் தாய் நிறுவனமான பினக்கிள் வெஸ்ட் சுமார் 3.8 கோடி டாலர் செலவிட்டது. 68 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. பக்கத்து மாநிலமான நெவாடாவில் அதே நாளில், ஏறத்தாழ அதே இலக்கோடு வந்த கேள்வி 6, 59 சதவீத ஆதரவு பெற்றது. அங்கே என்வி எனர்ஜி அதை எதிர்க்கவில்லை. அதன் பணம் முழுக்கக் கேள்வி 3க்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது மோதல் கையெழுத்தில். இதன் உச்சம் ஓஹையோவில் 2019இல் நடந்தது, கடைசியில் குற்ற வழக்காகவும் ஆனது. அந்த ஆண்டு ஜூலை 23 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட சட்டமன்ற மசோதா 6, ஃபர்ஸ்ட்எனர்ஜி சொல்யூஷன்ஸின் இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற மின் கட்டணத்தில் கூடுதல் தொகை வசூலிக்க வழி செய்தது. அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 90 நாளில் 2,65,774 செல்லுபடியாகும் கையெழுத்துகள் வேண்டும். அதுவும் 88 மாவட்டங்களில் பாதியிலிருந்தாவது குறிப்பிட்ட விகிதத்தில் வர வேண்டும். மனுவின் சுருக்க உரைக்கு ஒப்புதல் வாங்குவதிலேயே 38 நாள் கரைந்தது.

மீதி நாள்களில் நடந்ததைப் பிறகு எஃப்.பி.ஐ. ஆவணங்கள் விவரித்தன. சீன அரசு அமெரிக்க மின் கட்டமைப்பைக் கைப்பற்றுகிறது, இந்த மனுவில் கையெழுத்திடாதீர்கள் என்று விளம்பரங்கள் ஓடின. கையெழுத்து வாங்குபவர் நிற்கும் இடத்துக்கே கூலி ஆட்கள் வந்து பொதுமக்களைத் தடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக 2,500 டாலரும் விமானச் சீட்டும் தருவதாகச் சேகரிப்பவர்களிடமே பேரம் பேசப்பட்டது. மனு அணியின் உள்விவரம் கேட்டு ஒருவருக்கு 15,000 டாலர் நீட்டப்பட்டது. அக்டோபர் 21இல் கெடு முடிந்தபோது கையில் இருந்தவை சுமார் 2,21,000 கையெழுத்துகள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2020 ஜூலையில் கைதுகள் தொடங்கின. சட்டமன்ற அவைத்தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டருக்காகச் சுமார் 6 கோடி டாலர் ஓர் அமைப்பின் வழியாகப் பாய்ந்தது நிரூபிக்கப்பட்டு, 2023இல் அவருக்கு 20 ஆண்டு சிறை கிடைத்தது. ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனம் 23 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. 2021இல் அணுமின் நிலையச் சலுகையைச் சட்டமன்றமே ரத்து செய்தது. மக்களிடம் அந்தக் கேள்வி மட்டும் கடைசி வரை போகவில்லை.

போட்டி முன்மொழிவு

எதிர்ப்பதைவிடக் குழப்புவது சில சமயம் மலிவு. கலிபோர்னிய அரசியல் சட்டப்படி ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு முன்மொழிவுகளும் வென்றால், அதிக ஆதரவு வாக்கு பெற்றது நிற்கும். 1988இல் வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தை 20 சதவீதம் குறைக்கச் சொன்ன முன்மொழிவு 103 வந்தபோது, வாக்குச்சீட்டில் காப்பீடு பற்றியே ஐந்து முன்மொழிவுகள் இருந்தன. 104ஐயும் 106ஐயும் காப்பீட்டு நிறுவனங்களே முன்னிறுத்தின. எல்லாம் சீர்திருத்தம் என்ற பெயரில்தான் வந்தன. தொழில்துறை 6 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. 103 அணியிடம் அதன் சிறு பங்கே இருந்தது. ஆனால் நுகர்வோர் இயக்கத் தலைவர் ரால்ஃப் நேடரின் பெயர் இருந்தது. எது யாருடையது என்று தெரியாமல் தவித்த வாக்காளருக்கு, நேடர் ஆதரிப்பது எது என்ற ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது. 103 மட்டும் 51 சதவீதத்தில் வென்றது, மற்ற நான்கும் தோற்றன.

ஃபுளோரிடாவில் 2016இல் மின் நிறுவனங்கள் சுமார் 2.6 கோடி டாலர் செலவிட்டுத் திருத்தம் 1ஐக் கொண்டுவந்தன. சூரிய மின்சாரம் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தில் பதிப்பது போல அது வாசித்தது. அந்த உரிமை ஏற்கெனவே இருந்தது. அதோடு சேர்ந்து வந்த பாதி, கூரையில் சூரிய மின் தகடு போட்டவர்கள் மேல் கட்டணம் விதிக்க வழி திறந்தது. தகடு போடாதவர் தகடு போட்டவருக்கு மானியம் கொடுக்கக் கூடாது என்பது அதன் மென்மையான சொல். மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று அனுமதித்தது. நீதிபதி பார்பரா பாரியென்டே தன் மறுப்புத் தீர்ப்பில், சூரிய ஆதரவு வேடத்தில் வரும் இது இன்றைய நிலையையே அரசியல் சட்டமாக்கப் பார்க்கிறது என்று எச்சரித்தார். அக்டோபரில், இந்த உத்தியைப் பெருமையாக விளக்கும் கொள்கை ஆய்வாளர் ஒருவரின் ஒலிப்பதிவு வெளியானது. 50.8 சதவீதம் கிடைத்தது; ஃபுளோரிடாவில் 60 வேண்டும். அந்த வரம்பு இல்லாவிட்டால் இது சட்டமாகியிருக்கும்.

2018இல் கலிபோர்னியாவில் குளிர்பான நிறுவனங்கள் இதை இன்னொரு படி கொண்டுபோயின. சில நகரங்கள் சோடா வரி போடத் தொடங்கியிருந்தன. நிறுவனங்கள் சுமார் 70 லட்சம் டாலர் செலவில், எந்த உள்ளூர் வரிக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற முன்மொழிவுக்குக் கையெழுத்து திரட்டின. அது வென்றால் நகரங்களுக்கு நூலகம், தீயணைப்பு என எதற்கும் வரி திரட்டுவது கடினமாகும். வாக்குச்சீட்டு இறுதியாகும் கடைசி நாளான ஜூன் 28 அன்று, 2031 வரை புதிய உள்ளூர் சோடா வரிக்குத் தடை விதிக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்டார். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு வாக்கும் பதிவாகாமல் வேலை முடிந்தது. இது பணயம் பிடித்து மிரட்டுவது என்று சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரே வெளிப்படையாகச் சொன்னார்கள், சொல்லிவிட்டு வாக்களித்தார்கள்.

யார் பேசுகிறார், யார் கொடுக்கிறார்

நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் விளம்பரம் பாதி பலம் இழக்கும். 2012 கலிபோர்னிய வாக்கெடுப்பில் உணவு நிறுவனங்களின் பெயர்கள் வெளியாகி, அவற்றின் பொருள்களைப் புறக்கணிக்கும் அழைப்புகள் வந்தன. அடுத்த ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் அதே லேபிள் கேள்வி வந்தபோது, மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் உறுப்பு நிறுவனங்களிடம் தனிக் கணக்கில் பணம் வசூலித்து, சுமார் 1.1 கோடி டாலரைத் தன் பெயரில் கொடுத்தது. வாக்கெடுப்பு 51 சதவீத எதிர்ப்பில் தோற்றது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் ஃபெர்குசன் தொடுத்த வழக்கில் 2016இல் 1.8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தது. கடுமையான தண்டனைதான். ஆனால் வாக்கெடுப்பு முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது, முடிவு திரும்பி வரவில்லை.

கவனிக்க விரும்புகிறவர்கள் இந்தச் சில இடங்களைப் பார்க்கலாம். குழுவின் பெயரை நம்ப வேண்டாம். குழுவின் கணக்கைத் திறக்க வேண்டும். கலிபோர்னியாவில் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் 1,000 டாலரும் அதற்கு மேலும் வரும் ஒவ்வொரு நன்கொடையையும் 24 மணி நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் 50,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த முதல் மூவரின் பெயர் வர வேண்டும் என்பது 2018 முதல் விதி. வீட்டுக்கு வரும் "வாக்காளர் வழிகாட்டி" அட்டைகளில் ஒரு முன்மொழிவுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த இடத்துக்குப் பணம் வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள்; கட்சியின் பரிந்துரை போலத் தோன்றும் அட்டையில் இந்தச் சிறு குறியைப் பலரும் பார்ப்பதில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் பல அரசியல் விளம்பர ஒப்பந்தங்களை மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் பொதுக் கோப்பில் ஏற்றுகின்றன. எதிர்ப்பு அலை எந்த வாரம் தொடங்கும் என்பதை அங்கே முன்கூட்டியே படிக்க முடிவதுண்டு.

இன்னொன்றும் அதிகம் பேர் அறியாதது. வேட்பாளரின் விளம்பரத்தை அதன் உள்ளடக்கத்துக்காக நிலையம் வெட்டவோ மறுக்கவோ முடியாது. அதனால் அதிலுள்ள பொய்க்கு நிலையம் பொறுப்பில்லை. வாக்கெடுப்பு விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்பட்டமான பொய்யை ஆதாரத்தோடு காட்டி எழுதினால் நிலையத்தின் வழக்கறிஞர் அதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சிறிய அணிகள் இந்தக் கடிதத்தை முதல் விளம்பரம் வந்த அன்றே அனுப்பத் தயாராக வைத்திருப்பது நல்லது. ஒரு வாரம் தாமதித்தால் அந்த விளம்பரம் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

எதிர்ப்பவர் பணக்காரர் என்பதாலேயே முன்மொழிவு சரியாகிவிடாது. மெய்ன் மாநிலத்தில் 2023இல், மக்கள் மிகவும் வெறுத்த இரண்டு மின் நிறுவனங்களை வாங்கிப் பொது நிறுவனமாக்கும் கேள்வி 3 வந்தது. எதிர்ப்புக்குச் சுமார் 4 கோடி டாலர், ஆதரவுக்கு 10 லட்சத்தை ஒட்டி. 70 சதவீதம் எதிர்த்தார்கள். பணத்தின் பங்கு பெரிது. ஆனால் வாங்கும் விலை எத்தனை நூறு கோடி என்பதை நீதிமன்றம் வருங்காலத்தில்தான் முடிவு செய்யும் என்ற நிலையில், தயங்கிய வாக்காளரை ஏமாந்தவர் என்று சொல்வது நியாயமில்லை. கலிபோர்னியாவில் டயாலிசிஸ் நிலையங்களைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவுகள் 2018, 2020, 2022 என மூன்று முறை வந்தன. டாவீட்டா, ஃப்ரெசீனியஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் பணம் அவற்றை எதிர்த்தது; முதல் முறை மட்டும் சுமார் 11 கோடி டாலர். எதிர்ப்பு வாக்கு 59.9, 63.4, 68.4 என ஏறியது. நோயாளிகளே திரையில் வந்து நிலையம் மூடினால் உயிர் போகும் என்றது ஒரு காரணம். முன்மொழிவுகளைக் கொண்டுவந்த தொழிற்சங்கம் அதே நிறுவனங்களில் சங்கம் அமைக்கப் போராடிக்கொண்டிருந்ததும், ஒவ்வொரு முறையும் பழைய ஓட்டையைச் சரியாக அடைக்காமல் வந்ததும் இன்னொரு காரணம். தோற்ற கேள்வியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால், மறுப்பு வாக்காளரின் பழக்கமாகிவிடுகிறது.

வென்ற பிறகும் வேலை இருக்கிறது. முன்மொழிவு 103 வென்ற உடனே காப்பீட்டு நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 1989 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை ஏற்றது, பணம் திருப்பும் விதிகள் மீதான இறுதித் தீர்ப்புக்கு 1994 ஆனது. கடைசியில் வாடிக்கையாளர்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் திரும்பியது. தலைநகர் வாஷிங்டனில் உணவகப் பணியாளர்களுக்கு டிப்ஸை நம்பாத முழு ஊதியம் வேண்டும் என்று 2018 ஜூனில் வாக்காளர்கள் சொன்னதை, உணவகத் துறையின் அழுத்தத்தில் நகர மன்றம் அக்டோபரிலேயே ரத்து செய்தது. 2022இல் மக்கள் அதையே 74 சதவீதத்தில் மறுபடி நிறைவேற்றினார்கள்.

மாசசூசெட்ஸ் மக்கள் 2020 நவம்பரில், வாகனம் தானாக அனுப்பும் பழுதுத் தகவல்களை உரிமையாளரும் அவர் நம்பும் பட்டறையும் பார்க்கும் உரிமையை 75 சதவீதத்தில் நிறைவேற்றினார்கள். கார் நிறுவனங்கள் சுமார் 2.6 கோடி டாலரில் ஓட்டிய விளம்பரங்கள், பெண்களைப் பின்தொடரும் குற்றவாளிகள் கையில் இந்தத் தகவல் சிக்கும் என்று அச்சுறுத்தின. உதிரிபாகக் கடைகள் ஏறத்தாழ அதே அளவு பணத்தோடு எதிரே நின்றதாலும், தெருமுனை மெக்கானிக்கை எல்லோருக்கும் தெரியும் என்பதாலும் அந்த அச்சம் ஒட்டவில்லை. அதே மாதத்தில் கார் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. மாநிலம் சட்டத்தை அமல்படுத்தத் தொடங்கியது 2023 ஜூனில். மத்திய மாவட்ட நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது 2025 பிப்ரவரியில். வாக்களித்து 4 ஆண்டு 3 மாதம் ஆகியிருந்தது.